எதிர் ஷிப்ட்டுக்காரி

நாலரை வயதிலேயே பட்டம் வாங்கியவள் நான். "ஒட்டாத புள்ள" என்பதுதான் பட்டம். அதை ஒரு கம்பெனிக் குழந்தைகள் காப்பகம் எனக்குக் கொடுத்தது. இன்றைக்கு யோசித்தால் சிரிப்பாகவும் கொஞ்சம் திமிராகவும் இருக்கிறது. திமிரை நான் மறைக்கப் போவதில்லை, அதற்கு எனக்கு உரிமை உண்டு.

பேரன் பேத்தியை அழைத்துப்போக பிளே ஸ்கூல் வாசலில் என்னோடு நிற்கிற என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் உங்களில் ஒருவர், "எம் பேத்தி யாரோடயும் சேர மாட்டேங்கறாளாம், மிஸ் சொல்றாங்க" என்று முகம் வாடிப்போய்ச் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார். சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. கேளுங்கள், பிறகு கோபித்துக்கொள்ளுங்கள்.

ஓசூரில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. மத்தூரில் விவசாயம் பார்த்த குடும்பத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, மத்திகிரியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அப்பாவுக்கு ஒரு லேத் பட்டறையில் வேலை. அம்மா, மோட்டாருக்கு உள்ளே வைக்கிற செம்புக் கம்பிச் சுருளைச் சுற்றித் தரும் கம்பெனியில் டிரெய்னி. கம்பி சுற்றிச் சுற்றி அவள் விரல் நுனியெல்லாம் மெல்லிய கீறல்கள். கையில் எப்போதும் வார்னிஷ் வாசனை இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வந்து சோறு பிசைந்து ஊட்டினாலும் அது போகாது. அந்த வாசனை இல்லாத சோறு எனக்கு இறங்காது என்று அப்பா கேலி செய்வார்.

அம்மாவுக்கு ஒரு வாரம் முதல் ஷிப்ட், அடுத்த வாரம் இரண்டாவது ஷிப்ட். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. கம்பெனி கேட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஹாலில் காப்பகம் இருந்ததால்தான் அம்மாவால் வேலைக்குப் போக முடிந்தது. காப்பகத்தில் எனக்கு இடம் இல்லையென்றால் அம்மாவுக்கு வேலை இல்லை. கணக்கு அவ்வளவு சுலபமாகத்தான் இருந்தது. அவளை நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வேறு அப்போதுதான் கிளம்பியிருந்தது.

நான் சொல்கிற காலம் மார்கழி. ஓசூர்க் குளிர் உங்களுக்குத் தெரியும், அன்றைக்கு அது இன்னும் மோசம். விடியாத பனியில் கம்பெனி பஸ் வந்து நிற்கும்போது அதன் முகம்கூடத் தெரியாது, ஹாரன் மட்டும் கேட்கும். எனக்கு ஒரு பச்சை மங்கி குல்லா இருந்தது. காதை மூடி, தாடைக்குக் கீழே பட்டன் போட்டுவிட்டால் உலகம் பாதிதான் கேட்கும். அந்தக் குல்லா எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

காப்பகத்தில் ஓர் ஆயாம்மா இருந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எங்களுக்காகத் தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசுவார், பிள்ளைகளை "மகு, மகு" என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைகளும் கலப்படம்தான். தர்மபுரிக்காரர், திருநெல்வேலிக்காரர், ஆந்திரா எல்லையிலிருந்து வந்தவர், கர்நாடகா எல்லையிலிருந்து வந்தவர் எல்லாருடைய வாரிசுகளும் அங்கே உருண்டுகொண்டிருந்தன. விளையாட்டுச் சாமான் என்று கம்பெனி எதுவும் வாங்கிப் போடவில்லை. ரிஜெக்ட் ஆன பாபின்களை, அதாவது கம்பி சுற்றுகிற பிளாஸ்டிக் உருளைகளை, ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறையக் கொட்டி வைத்திருந்தார்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம் என்று வண்ண வண்ணமாக இருக்கும். அதைவிட நல்ல பொம்மையை நான் பிற்பாடு எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

இனி அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா முதல் ஷிப்ட்டில் ஓட்டுகிற அதே மெஷினை இரண்டாவது ஷிப்ட்டில் ஓட்டுவது வேப்பனப்பள்ளிப் பக்கத்து அத்தை ஒருவர். அவர் மகளுக்கும் என் வயதுதான். அவர்கள் வீட்டில் தெலுங்கு. அத்தை ஷிப்ட்டுக்கு வரும்போது மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஓடுவார். உள்ளே போய் அம்மாவை விடுவிப்பார். அம்மா வெளியே வந்து என்னைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். அந்தப் பிள்ளை வருவதற்கும் நான் போவதற்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச நேரம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் கிடைத்தது. அடுத்த வாரம் ஷிப்ட் மாறினால் அவள் முன்னால் வந்திருப்பாள், நான் பின்னால் வருவேன். அப்போதும் அதே கொஞ்ச நேரம்தான்.

முதல் நாள் நான் நூலில் பாபின்களைக் கோத்து ஒரு கூட்ஸ் வண்டி செய்திருந்தேன். மூக்கொழுக வந்து எதிரே உட்கார்ந்தவள், ஒரு நீல பாபினை எடுத்துக் கடைசியில் கோத்துவிட்டு என்னைப் பார்த்து "இங்கா?" என்றாள். இன்னும் போடலாமா என்று கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. தலையாட்டினேன். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். மறுநாள் அந்தப் பிள்ளை வந்ததும் நான் எழுந்து நின்று வண்டியை அவள் கையில் கொடுத்து, எது எது புதிதாகக் கோத்தது, எந்த இடத்தில் நூல் லூசாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவளும் விரலை வைத்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் அம்மாவிடமிருந்து பொறுக்கியது. ராத்திரி சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டே அம்மா அப்பாவிடம் மெஷின் கதையெல்லாம் சொல்வாள். ஒருநாள் எதிர் ஷிப்ட் அத்தை வந்த டவுன் பஸ் நடுவழியில் நின்றுபோய், அம்மா வெகுநேரம் காத்திருந்து கால் வீங்கி வந்தாள்.

"விட்டுட்டு வந்துர்றதுதான?" என்றார் அப்பா.

"எப்படி வர்றது? மெஷின் ஓடிட்டிருக்குது. எதிர் ஷிப்ட்டுக்காரி வந்து நிக்காம எடத்த விட்டு எந்திரிக்கக் கூடாது. வந்தா, எல்லாத்தயும் சொல்லி சார்ஜ் குடுத்துட்டுத்தான் வரணும்."

கால் வலித்தாலும் அதைச் சொல்லும்போது அம்மாவின் குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. பாயில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த மிடுக்கு பிடித்திருந்தது. வேலை என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அம்மாவுக்கும் அந்த அத்தைக்கும்கூட சிநேகம் அப்படித்தான் இருந்தது. இருவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு டீ குடித்தது கிடையாது. ஆனால் அத்தை மெஷின் டிராயரில் மாங்காய் வற்றல் பொட்டலம் வைத்துவிட்டுப் போவார், அம்மா அதே டிராயரில் வேர்க்கடலை வைத்துவிட்டு வருவாள். கம்பி எங்கே அறுந்தது என்று சொல்லிக்கொள்கிற அந்த நேரத்துக்குள் மாமியார் சண்டை, பிள்ளைக்குச் சளி எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள்.

இந்த நேர்த்தியெல்லாம் காப்பகத்தில் யார் கண்ணில் பட்டது? அவர்கள் பார்த்தது வேறு. காலையிலிருந்து நான் மூலையில் வண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எந்தப் பிள்ளை வந்து ஒரு பாபின் கேட்டாலும் தர மாட்டேன். மத்தியானம் பெருக்குவதற்காக ஆயாம்மா எல்லாவற்றையும் டின்னுக்குள் அள்ளும்போது நான் வண்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவேன். அது எதிர் ஷிப்ட்டுக்கு ஒப்படைக்க வேண்டிய சாமான், அதை எப்படி ஆளுக்கு ஒன்றாகப் பிய்த்துக் கொடுப்பேன்? ஆயாம்மாவுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள அவர் கேட்கவும் இல்லை, எனக்குச் சொல்லவும் வரவில்லை.

"இந்த மகு யாரு கூடவும் ஒட்டாதும்மா. ஒரு சாமான் குடுக்காது. மத்ததெல்லாம் கூடி ஆடுது, இது மட்டும் ஒத்தையா உக்காருது" என்று அம்மாவிடம் முறையிட்டார்.

அன்று ராத்திரி அப்பாவும் அவளும் கிசுகிசுத்தார்கள். தனியாக வளர்க்கிற பிள்ளை, அதனால்தான் இப்படி என்றார் அப்பா. என் தப்புதான் என்றாள் அம்மா. நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு பெற்றவர்கள் பேசிய எத்தனையோ பேச்சு எனக்குத் தெரியும், இது அதில் ஒன்று.

அதற்குப் பிறகுதான் பெரிய வம்பு வந்தது. ஒரு நாள் மத்தியானம் சங்கு ஊதியது, அம்மாவும் வந்தாள், எதிர் ஷிப்ட்டுக்காரி மட்டும் வரவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. அம்மா கூப்பிட்டாள், கெஞ்சினாள், மிரட்டினாள். வெளியே பஸ் ஹாரன் அடிக்கிறது. கடைசியில் அலற அலறத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மறுநாளும் அவள் வரவில்லை, மறுநாளும் அதே கூத்து. அன்றைக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டுவிட்டேன். விரலைப் பிரிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

அவளுக்கு அம்மை போட்டிருந்தது. பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். வேப்பனப்பள்ளி அத்தை லீவில் இருந்தார், மெஷினுக்கு வேறு ஓர் அக்காவைப் போட்டிருந்தார்கள். ஆனால் அந்த நோயின் பேரை வீட்டில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று நம்ம பக்கத்தில் ஒரு பயம் உண்டல்லவா? அதனால் எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் ஏன் வரவில்லை, எப்போது வருவாள், எதுவும் தெரியாமல் நான் என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சின்னப் பெண்ணைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

விஷயம் வெல்ஃபேர் ஆபீசரம்மாவின் காதுக்குப் போய், அவர் காப்பகத்துக்கே வந்துவிட்டார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், கஞ்சி போட்ட காட்டன் புடவை, அதட்டாத குரல். கெட்டவர் இல்லை. அம்மாவை நிற்க வைத்துப் பேசாமல், தானும் நின்றுகொண்டு பேசினார்.

"ஏனுங்கம்மா, இப்படியே போனா எப்படிங்க? புள்ள யாரோடயும் சேர மாட்டேங்குதாம், எந்திரிக்கவும் மாட்டேங்குதாம். மத்த புள்ளைங்க பயப்படுதுங்க. ஊர்ல யாராச்சும் இருந்தா கொஞ்ச நாளைக்கு அங்க விட்டுட்டு வாங்க."

ஊரில் என்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். அவள் முகம் அப்படியே வெளுத்துப்போயிற்று. என் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குல்லாவின் பட்டனைக் கழற்றினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏன்டி கண்ணு எந்திரிக்க மாட்டேங்கற? அம்மாகிட்ட சொல்லு."

இத்தனை நாளில் என்னிடம் யாரும் ஏன் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே சொன்னேன்.

"அவ வர்ல."

"எவ வர்ல?"

"எதிர் ஷிப்ட்டு. அவ வராம எந்திரிக்கக் கூடாது. சார்ஜ் குடுக்கணும்."

அம்மா என் மடியில் இருந்த கூட்ஸ் வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணீரும் வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். என் அம்மா குள்ளம்தான். ஆனால் அன்று அவள் எழுந்து நின்ற மாதிரி நான் யாரும் நின்று பார்த்ததில்லை.

"மேடம், இவ ஒட்டாத புள்ள இல்லைங்க. இவ டூட்டில இருக்கறா. அந்த வேப்பனப்பள்ளிப் புள்ள வரணும்னு எடத்தக் காத்துட்டு உக்காந்திருக்கறா. மெஷினுக்கு வேற ஆளு போட்டாங்க, இவளுக்கு யாரும் போடலியே! யாருக்கும் குடுக்கத் தெரியாதுன்னு ஆயாம்மா சொன்னாங்களே, வராத புள்ளைக்கு எடுத்து வச்சிருக்கறா மேடம்!"

ஆபீசரம்மா என் மடியில் இருந்த வண்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னதும் நியாயமான பேச்சுதான்.

"சரிங்கம்மா, புரியுது. ஆனா ஒரே ஒரு புள்ளைகிட்ட மட்டும் ஒட்டிக்கிட்டா மத்ததுங்க என்னாகும்? இத்தனை பேர் இருக்கற எடம். அந்தப் புள்ள வரட்டும். அப்ப வந்து ஒரு தடவை பாக்கறேன். பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன்."

அவர் போனதும் அம்மா மறுபடி என் முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். "அவ வர்ற வரைக்கும் நான் ரிலீவர். எங்கிட்ட சார்ஜ் குடு" என்றாள். நான் எஞ்சினிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பெட்டியாகச் சொன்னேன். அவசரப்படுத்தாமல் முழுசாகக் கேட்டாள். வண்டியை அலமாரி மேல் வைத்துவிட்டு, "இத யாரும் தொடாதீங்கக்கா" என்று ஆயாம்மாவிடம் உத்தரவு போட்டாள். அன்றைக்கு நான் அழாமல் வீட்டுக்குப் போனேன். தினமும் அதே முறைதான், தினமும் வண்டி கொஞ்சம் நீண்டது.

ஒருநாள் அவள் வந்தாள். வேப்பனப்பள்ளி அத்தை வாசலிலேயே நின்று, "மூணு தண்ணியும் ஊத்தியாச்சிக்கா, பயமில்ல" என்று ஆயாம்மாவிடம் சொல்லிவிட்டு, சங்கு ஊதவே உள்ளே ஓடினார். சொன்ன சொல் தவறாமல் ஆபீசரம்மாவும் அன்று வந்து ஓரமாக நின்றிருந்தார். பிள்ளையை விட வந்த அம்மாமார்கள் தங்கள் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அவள் முகமெல்லாம் கறுப்புப் பொட்டுகள். இளைத்துப்போய், நிலைப்படியைத் தாண்டாமல், யாரையும் பார்க்காமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்த பிள்ளைகள் சுவரோரம் நகர்ந்தன. எல்லாருமாகச் சேர்ந்து ஒதுங்குவதற்கு அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நான் எழுந்தேன். வண்டியை இழுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போய், நூலின் முனையை அவள் கையில் வைத்தேன். பிறகு சார்ஜ் கொடுக்க ஆரம்பித்தேன். அவள் இல்லாத நாட்களில் என்னென்ன கோத்தேன், எது உடைந்தது, எதை மாற்றினேன் எல்லாம் சொன்னேன். பாதியில் அவள் தலை நிமிர்ந்தது. விரலை வைத்துத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவள், கடைசிப் பெட்டியில் நிறுத்தி, "இங்கா?" என்றாள்.

"இன்னும் போடலாம்" என்றேன்.

வண்டியை இழுத்தோம். வரவில்லை. நீளமாகிவிட்டது, நடுவில் வளைந்து சிக்கிக்கொண்டது. இரண்டு பேரால் ஆகாது. நான் திரும்பி, சுவரோரம் நின்ற திருநெல்வேலிப் பையனைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏய், வந்து இந்த நீலப் பெட்டியப் புடி!"

அவன் வந்தான். "நீ செவப்பு, நீ வெள்ள" என்று நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வந்தார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாமாகக் கூவிக்கொண்டு கூட்ஸ் வண்டி ஹாலைச் சுற்றியது. முன்னால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு முகமெல்லாம் பொட்டோடு அவள், கடைசியில் கார்டு பெட்டியோடு நான், நடுவில் காப்பகம் மொத்தமும். எதிர் ஷிப்ட்டும் நானும் ஒன்றாக விளையாடியது அன்றுதான் முதல் தடவை. அதுவரை நாங்கள் ஒப்படைத்துக்கொண்டு மட்டுமே இருந்தோம்.

அம்மா எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது. பார்த்தபோது வாசல் படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

"பஸ்ஸு போகுதுங்களே, போகலியா?" என்றார் ஆபீசரம்மா.

"போவட்டும் மேடம்" என்றாள் அம்மா.

ஆபீசரம்மா இன்னும் ஒரு சுற்று வண்டி வருகிற வரைக்கும் நின்று பார்த்தார். போகும்போது அம்மாவின் தோளைத் தொட்டு, "நாளைக்கும் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவுக்கு அந்தப் பங்குனியில் வேலை நிரந்தரமாயிற்று. எதிர் ஷிப்ட்டுக்காரி இப்போதும் வேப்பனப்பள்ளியில்தான் இருக்கிறாள், என் போனில் அவள் பேர் அப்படித்தான் பதிந்திருக்கிறது. அந்த பிஸ்கட் டின்னும் கூட்ஸ் வண்டியும் எங்கே போயின என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

பஸ்ஸை விட்ட அன்று மத்தியானம், கம்பெனி இருந்த சிப்காட்டிலிருந்து மத்திகிரிக்கு அம்மா நடந்தே வந்தாள். தோளில் நான். காலையிலிருந்து நின்ற கால், வெயில் வேறு, ஆனாலும் வழியெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு என்னால் பெருமை என்பது தோளில் உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது. சைக்கிளில் பின்னால் வந்த கம்பெனி ஆள் ஒருவர் காலை ஊன்றி நின்று, "என்னாக்கா, நடந்து போற? பஸ்ஸ உட்டுட்டியா?" என்று கேட்டார்.

அம்மா நிற்காமல், ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்:

"எம் பொண்ணுக்கு இன்னிக்கி ஓவர்டைம்பா!"